மூடின பிறேக்கும் திறந்த பிறேக்கும்

நான் கலியாணம் முடித்துக் கரம்பொனுக்கு வந்த வருடமும் எங்கள் லொறி வந்த வருடமும் ஒன்றுதான். மாமி இரண்டு பேருக்கும் ஒரே ஆலாத்தியைத்தான் எடுத்தா என்று கனகாலம் சொல்லித் திரிந்தேன். அதில் பாதி பொய். லொறி எனக்கு ஒரு மாதம் பிந்தித்தான் வந்தது. கொழும்புப் பக்கம் யாரோ ஓட்டிக் களைத்துப்போய் விற்ற லொறி. வாசலில் வந்து நின்றதும் கிழவனைப் போல இருமியது.

"புதுப் பொம்பிளையும் பழைய லொறியும். எதை முதல் திருத்தப் போறியள்?" என்று அவரைக் கேட்டேன்.

அவர் என்னைப் பார்த்தார், லொறியைப் பார்த்தார். "திருத்தக்கூடியதைத் திருத்துவம்" என்று சொல்லிவிட்டு லொறிக்கடியில் போய்ப் படுத்துக்கொண்டார்.

அவர் அதிகம் கதைக்காத மனிதர். அவருக்குள்ள கெட்டித்தனம் எல்லாம் வலது காலில் இருந்தது. எங்கள் தீவுக்கும் காரைநகருக்கும் நடுவில் கடல். ஊர்காவற்றுறைத் துறையில் இருந்து வாகனங்களை ஏற்றிக்கொண்டு அக்கரைக்குப் போகிற மிதவையைப் பாதை என்போம். லொறி துறைச் சரிவில் இறங்கி, பாதையின் பலகையில் ஏறி, முன்பக்கச் சங்கிலிக்கு இங்கால் நிற்க வேண்டும். சங்கிலிக்கு அங்கால் கடல்தான். ஏற்றும்போது லொறியில் இருக்கிற சனம் எல்லாம் இறங்கி நடக்கும். சாரதி மட்டும் உள்ளே இருப்பார். என்னவர் நிறுத்தினால் சங்கிலிக்கும் லொறியின் மூக்குக்கும் நடுவில் நாலு விரல் இடம் இருக்கும். ஐந்தும் இல்லை, மூன்றும் இல்லை. பாதைக்காரர் கையை வைத்து அளந்து பார்த்துவிட்டுத் தலையாட்டுவார்கள்.

அந்தக் காலுக்கு ஊரில் பெரிய மரியாதை. பிள்ளைப்பேற்று நோவு வந்த பெண்களைக் காரில் ஏற்றாமல் எங்கள் லொறியில் ஏற்றுவார்கள். என் தங்கச்சியையும் அப்படித்தான் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். "அத்தான் எங்கை நிப்பாட்டினவர், எங்கை எடுத்தவர் எண்டே எனக்குத் தெரியாது அக்கா" என்றாள். நோவோடு போனவளுக்கு வேறு என்னதான் தெரிந்திருக்கும் என்று நான் பகிடி பண்ணினேன். ஆனால் அவள் சொன்னது உண்மை.

இருபது வருடத்துக்கு மேல் அப்படியே போனது. லொறியும் கிழடாகியது, நாங்களும் அப்படித்தான். சாமான் தட்டுப்பாட்டுக் காலத்தில் ஒரு ஆணிக்கும் அலைந்தோம். அவர் பழைய ரயரையும் கம்பியையும் வைத்து லொறியைக் காப்பாற்றி எடுத்தார். முன்சில்லுப் பிறேக் அப்போதே பேருக்குத்தான், பிடிப்பதெல்லாம் பின்சில்லுதான். பிறகு கடைகளில் சாமான் வரத் தொடங்கியபோது அந்தப் பின்சில்லுப் பிறேக்கும் தளரத் தொடங்கியது. வற்றுப்பெருக்கில் கடல் ஏறும்போது துறைச் சரிவு தண்ணீருக்குள் கிடக்கும். லொறி அதற்குள்ளால் இறங்கி ஏறும். அப்போது கடல் தண்ணீர் சில்லுக்குள் போய்விடும்.

நாலு விரல் இரண்டு விரல் ஆனது. ஒருநாள் லொறியின் மூக்கு சங்கிலியில் போய் முட்டியது. மெல்லத்தான் முட்டியது. ஆனாலும் சங்கிலி ஆடியதை எல்லோரும் பார்த்தார்கள்.

பாதையில் வேலை செய்த மனிதர் நல்ல மனிதர்தான். அவர் நல்ல மனத்தோடேதான் சொன்னார். "அண்ணைக்கு இப்ப கால் கொஞ்சம் பிந்துது போல."

என்னவர் அன்றைக்கு வீட்டுக்கு வந்து சோற்றுக் கோப்பையைத் தள்ளி வைத்துவிட்டார். "கால் பிந்துதாம்" என்றார். அந்த ஒரு வார்த்தையைத்தான் அந்தக் கிழமை முழுக்கப் பேசினார்.

பட்டணத்துக் கராச்சில் இருந்து திருத்துகிற தம்பியைக் கூப்பிட்டோம். அவர் வந்து வேப்பமரத்துக்குக் கீழே லொறியை உயர்த்திப் பின்சில்லைக் கழற்றினார். உள்ளே பானை மாதிரி ஒரு இரும்பு மூடி. டிறம் என்றார்கள். அதைத் தட்டித் தட்டி இழுத்து எடுத்ததும் துருத் தண்ணீர் ஒழுகியது. பிறகு ஒரு கை மணல் கொட்டியது. மணலுக்குள் ஒரு சின்னச் சிப்பியும் இருந்தது.

"ஒரு நண்டும் இருந்திருந்தால் மத்தியானத்துக்குக் குழம்பு வைச்சிருக்கலாம்" என்றேன்.

தம்பி சிரித்தார். என்னவர் சிரிக்கவில்லை. "என்ரை காலோ, பிறேக்கோ? அதைச் சொல்லும்" என்று கேட்டார்.

"அண்ணை, உங்கடை காலிலை ஒரு பிழையும் இல்லை. இதுக்குள்ளை கடல் எல்லோ கிடக்கு."

அவருடைய முகம் அன்றைக்கு விரிந்ததைப் போல எங்கள் கலியாணத்தன்றும் விரியவில்லை.

தம்பி இரண்டு வழி சொன்னார். இந்த டிறத்தையே துப்பரவாக்கி உள்ளே உரசிப் பிடிக்கிற பட்டிக்குப் புது லைனிங் அடித்துத் தரலாம். இல்லாவிட்டால், விபத்தில் பிரண்டு போன வெளிநாட்டு வாகனம் ஒன்றின் பின் அச்சு கராச்சில் கிடக்கிறது, அதில் டிஸ்க் பிறேக், அதைக் கொண்டுவந்து பூட்டலாம்.

"டிஸ்க் எண்டால் என்ன தம்பி?" என்று கேட்டேன்.

"ஒரு இரும்புத் தட்டம் அக்கா. சில்லோடை சேந்து சுத்தும். பிறேக்கை அமத்தினால் இரண்டு பக்கத்தாலும் இடுக்கி மாதிரி வந்து தட்டத்தைப் பிடிக்கும். மூடி இல்லை. தண்ணி பட்டாலும் உள்ளை நிக்காது, சுழட்டி எறிஞ்சு போடும்."

"மூடி இல்லாட்டி உப்புக்காத்துப் படுமே?" என்றார் அவர்.

"படும்தான்."

"கைப் பிறேக்?"

"அது இதிலை இல்லை அண்ணை. நிப்பாட்டினால் சில்லுக்குக் கட்டை வைக்கவேணும். யோசிச்சுச் சொல்லுங்கோ."

அவர் மூன்று கிழமை யோசித்தார். என்னைப் பெண் பார்க்க வந்தபோது மூன்று நிமிடம்கூட யோசிக்காத மனிதர். சுருவிலில் ஒரு பஸ் சாரதியைக் கேட்டார். அவர் டிறம்தான் என்றார். மடத்துவெளியில் ஒரு லொறிக்காரரைக் கேட்டார். அவர் டிஸ்க் என்றால் என்ன என்று திருப்பி இவரைக் கேட்டார். சாப்பிடும்போது தேத்தண்ணிக் கோப்பையைக் கவிழ்த்து வைத்து ஒரு பார்வை, பக்கத்தில் தட்டத்தை நிமிர்த்தி வைத்து ஒரு பார்வை. டிறம் பழகினது, கைப் பிறேக்கும் உண்டு. ஆனால் உள்ளே போன தண்ணீர் வெளியே வராது. டிஸ்க் புதிது. ஆனால் தண்ணீர் நிற்காது.

எனக்கு வாய் சும்மா இருக்காது. ஒருநாள் சோறு போட்டுக்கொண்டு சொன்னேன். "இஞ்சேருங்கோ, டிறம் எண்டால் உங்களைப் போல. எல்லாத்தையும் உள்ளுக்கை வைச்சு மூடித் துருப்பிடிச்சுப் போகும். டிஸ்க் எண்டால் என்னைப் போல. வந்ததை அப்பவே வெளியிலை எறிஞ்சு போட்டுத் தன்ரை வேலையைப் பாக்கும்."

அவர் கையில் எடுத்த சோற்றைத் திரும்பக் கோப்பையில் வைத்தார். "அப்ப டிஸ்க்தான்" என்றார்.

அத்தனை வருடத்தில் அவர் எனக்குச் சொன்ன ஒரே ஒரு காதல் வார்த்தை அது. அதையும் பிறேக்குக்குத்தான் சொன்னார்.

டிஸ்க் பூட்டினார்கள். இரண்டு பின்சில்லுக்கும் உட்பக்கத்தில் வெள்ளித் தட்டம் போல மினுங்கியது. நயினாதீவு அம்மாளுக்கு நேர்ந்துகொண்டு, சில்லுக்கடியில் தேசிக்காய் வைத்து நசித்து, வெளிக்கிட்டார். முதல் நாளே பாதையில் நாலு விரல். இரண்டாம் நாளும் நாலு விரல். பாதைக்காரர் கையை வைத்து அளந்துவிட்டு, "பிறேக்தான் பிழை அண்ணை. நான் வாய் தவறிச் சொல்லிப்போட்டன்" என்றாராம். அதை வீட்டுக்கு வந்து எனக்கு இரண்டு தரம் சொன்னார். வருகிற ஆட்களை எல்லாம் குனிய வைத்துத் தட்டத்தைக் காட்டினார். ஐயரையும் குனிய வைத்தார்.

ஒரு கிழமை ஆகியிருக்கும். வெங்காயம் ஏற்ற ஆள் வரக் காத்திருந்ததில் இரண்டு நாள் லொறி அசையாமல் வளவில் நின்றது. அப்போது கடல் உப்பை அள்ளி வருகிற சோளகக் காற்று. எங்கள் தீவில் அந்தக் காற்றுக்கு இரும்பு தாங்காது. இரவு வைத்த கத்தி விடியச் சிவக்கும். அதனால் எங்கள் வீடுகளில் சுறா எண்ணெய் எப்போதும் இருக்கும். தோணிக்குப் பூசுகிற எண்ணெய்தான். கிணற்றுக் கப்பிக்கும், கதவுப் பிணைச்சலுக்கும், மண்வெட்டிக்கும், சைக்கிளுக்கும் வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை நான் பூசுவேன். மாமி காட்டித் தந்த வேலை. பூசாமல் விட்டால் வீட்டுக்காரி சோம்பேறி என்று அர்த்தம்.

அந்த வெள்ளிக்கிழமை கப்பிக்குப் பூசிவிட்டு வரும்போது லொறிக்கடியில் பார்த்தேன். தட்டம் இரண்டும் செம்பொட்டு வைத்தது போலச் சிவந்து கிடந்தன. அவர் ஊரெல்லாம் காட்டின தட்டம். டிஸ்கைத் தெரிவு செய்யச் சொன்ன வாய் என்னுடையது. அவர் மத்தியானச் சாப்பாடு முடித்துச் சாய்மனைக் கதிரையில் நித்திரை. நான் சீலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, எண்ணெய்ப் போத்தலும் பழந்துணியுமாக லொறிக்கடியில் புகுந்தேன். இந்த உடம்பு எப்படிப் புகுந்தது என்று கேட்காதீர்கள். உள்ளங்கை நோகும்வரை தேய்த்தேன். சிவப்புப் போனது. பிறகு இனியும் பிடிக்கக்கூடாது என்று எண்ணெயை நல்லாய்ப் பூசினேன், முன்பக்கம், பின்பக்கம், இடுக்கி இருக்கிற இடம். டிறமாக இருந்தால் என் கை அங்கே போயிருக்காது. மூடி இருந்திருக்கும்.

அவருக்குச் சொல்லவில்லை. சொன்னால் அவர் தட்டம் துருப்பிடித்ததை எண்ணிக் கவலைப்படுவார் என்று நினைத்தேன்.

அடுத்த நாள் காலை வெங்காயம் ஏற்றினார்கள். நானும் காரைநகரில் சொந்தக்கார வீடு ஒன்றுக்குப் போவதற்கு முன்சீற்றில் ஏறினேன். துறைக்குப் போகிற றோட்டு மட்டம். பிறேக்குக்குப் பெரிய வேலை இல்லை. ஒரு மாடு குறுக்கே வந்தது. அவர் அழுத்தினார்.

"இண்டைக்கு என்ன ஒரு வழுக்கலாக் கிடக்கு" என்றார்.

"புது மாப்பிளை எல்லோ. பழக நாள் எடுக்கும்" என்றேன்.

அவர் இன்னும் ஒருமுறை மெல்ல அழுத்திப் பார்த்தார். பிறகு துறைப் பக்கம் ஓட்டினார். என் பேச்சை நம்புகிற மனிதர் அவர்.

துறையில் நான் இறங்கிக் கரையில் நின்றேன். லொறி சரிவில் இறங்கியது. பாதையின் பலகை 'தடதட' என்றது. அந்தச் சத்தம் எப்போதும் பாதியில் நின்றுவிடும். அன்றைக்கு நிற்கவில்லை. பாதைக்காரர் ஒரு பக்கமாகப் பாய்ந்தார். சங்கிலி அறுந்தது. லொறி தலையைக் குனிந்துகொண்டு கடலுக்குள் போனது.

எனக்கு மூச்சு நின்றுவிட்டது. பிறகு அவருடைய தலை தெரிந்தது. கதவைத் தள்ளி வெளியே வந்து பாதையின் விளிம்பைப் பிடித்திருந்தார். இரண்டு பேர் அவரைக் கையில் பிடித்தார்கள். ஒருவருக்கும் உயிர்ச்சேதம் இல்லை. அதற்குள் சாக்குகள் அவிழ்ந்து வெங்காயம் மிதக்கத் தொடங்கியது. கடல் முழுக்கச் சிவப்பு வெங்காயம். பக்கத்தில் நின்ற ஒரு மனிசி, "ஐயோ, வெங்காயம் எல்லாம் போச்சே" என்றாள்.

என் மூச்சுத் திரும்பி வந்தது. அதோடு என் வாயும் வந்தது. "உப்பு இருக்கு, வெங்காயம் இருக்கு. இனிப் புளி விட்டால் குழம்பு சரி" என்றேன்.

கரையில் நின்றவர்கள் சிரித்தார்கள். பயந்த சனத்துக்குச் சிரிப்பு வேகமாக வரும். அந்தச் சிரிப்புக்குள்ளால்தான் அவர் ஈரத்தோடு துறைச் சரிவில் ஏறி வந்தார். யார் சிரித்தது, எதற்குச் சிரித்தது என்று அவர் பார்க்கவில்லை. குனிந்து தன் வலது காலைப் பார்த்துக்கொண்டு வந்தார்.

பாதைக்காரர் தலையைச் சொறிந்தார். "பிறேக் புதுசு. அப்ப..." என்று தொடங்கிவிட்டு மிச்சத்தை விழுங்கினார். விழுங்கினதை எல்லோரும் கேட்டார்கள்.

லொறியை வெளியே இழுக்க மூன்று நாள் சென்றது. எஞ்சினுக்குள் இருந்த எண்ணெய் எல்லாம் அதன் உடம்பு முழுக்கப் பரவி, சேறும் பாசியுமாகக் கிடந்தது. திருத்துகிற தம்பி வந்து பார்த்தார். தட்டத்தைத் துடைத்துவிட்டுச் சில்லைச் சுழற்றினார். அழுத்தச் சொன்னார். பிடித்தது. "பிறேக்கிலை ஒரு பிழையும் காணேல்லை அண்ணை" என்றார் மெல்லிய குரலில்.

தம்பிக்குத் தேத்தண்ணி கொண்டுபோனேன். பழுது பார்த்த வேறு ஒரு வாகனத்தைப் பற்றி எங்கள் பக்கத்து வீட்டுக்காரரோடு கதைத்துக்கொண்டிருந்தார். "நான் அந்தச் சாரதிக்கு ஒண்டு மட்டும்தான் சொன்னனான். எண்ணைக் கையோடை டிஸ்கைத் தொட்டுப்போடாதை எண்டு. ஒரு சொட்டுப் பட்டாலும் பிறகு பிடிக்க ஏலாது."

என் கையில் இருந்த தட்டத்தில் கோப்பை இரண்டும் ஒன்றோடு ஒன்று முட்டிக் கிலுங்கின. தம்பி நிமிர்ந்து, "என்ன அக்கா, கை நடுங்குது?" என்றார்.

"உம்மைப் பாத்தால் எனக்கு நடுங்கும்தானே" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். நான் குசினிக்குள் போய் எண்ணெய்ப் போத்தலை அரிசிப் பானைக்குப் பின்னால் ஒளித்து வைத்தேன்.

அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும். எல்லாவற்றையும் வெளியே எறிகிறவள் என்று பீற்றிக்கொண்டவள் நான். அது ஒன்றை மட்டும் மூடி வைத்தேன். அது உள்ளேயே கிடந்து துருப்பிடித்தது.

லொறியைப் பழைய இரும்புக்குக் கொடுத்தோம். அவர் லைசன்சை அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினார். பிறகு அவருக்குக் கதிரைதான் கதி. அதில் இருந்துகொண்டு வலது காலைச் சீமெந்து நிலத்தில் ஊன்றி அழுத்துவார். எடுப்பார். அழுத்துவார். யாரும் பார்த்தால் நிறுத்திவிடுவார். நான் குசினியில் இருந்து பார்ப்பேன். மூன்று வருடம் அந்தக் கால் அப்படி அழுத்தியது.

ஒருநாள் காலை பின்வளவு வீட்டுப் பெண்ணுக்குப் பிள்ளைப்பேற்று நோவு. அந்த வீட்டு ஆட்கள் றோட்டால் ஓடிப் போகிற சத்தம் கேட்டது. அவர் கதிரையில் இருந்து எழும்பிவிட்டார். எழும்பிப் படலையைப் பார்த்துக்கொண்டு நின்றார். ஓடின கால்கள் எங்கள் படலையைத் தாண்டிக் கார் வைத்திருக்கிற வீட்டுப் பக்கம் போயின. எங்களிடம் லொறி இல்லை என்று அவர்களுக்குத் தெரியும். அவருக்கும் தெரியும். ஆனால் கார்க்காரரிடம் போகிறபோது, ஓட்டுவதற்கு இவரையும் ஒரு சத்தம் கூப்பிட்டிருக்கலாம். அந்தக் கார்க்காரருக்கு ஓட்டத் தெரியாது, சாரதி தேடித்தான் பிடிப்பார். என்னவர் திரும்பக் கதிரையில் இருந்துவிட்டார். கால் அழுத்தத் தொடங்கியது.

நான் போய் அவருக்கு முன்னால் நிலத்தில் இருந்தேன்.

"இஞ்சேருங்கோ. அது உங்கடை கால் இல்லை. நான்தான். முதல்நாள் மத்தியானம் தட்டத்துக்குச் சுறா எண்ணை பூசினனான். துருப்பிடிச்சுக் கிடந்தது. அதுதான்."

அவர் என்னை உற்றுப் பார்த்தார். பிறகு சிரித்தார். கடலில் விழுந்த நாளுக்குப் பிறகு முதல் தரம். சிரித்து, இருமி, கண்ணைத் துடைத்தார்.

"நீர் விடமாட்டீரே. லொறிக்கு எண்ணை தேச்சு முழுக வாத்தனீரோ?"

"அம்மாளாணைச் சத்தியம்."

"கோழி முட்டை இட்டதுக்கும் நீர் அம்மாளாணைச் சத்தியம் எண்டுறனீர்."

நான் குசினிக்கு ஓடி அரிசிப் பானைக்குப் பின்னால் இருந்த போத்தலை எடுத்து வந்தேன். அவர் வாங்கி மணந்து பார்த்தார். "இது எல்லா வீட்டிலையும் இருக்கிறதுதானே" என்றார். போத்தலைத் திருப்பித் தந்தார். சிரிப்பு மெல்ல மெல்ல அடங்கியது.

"நீர் எனக்காகச் சொல்லுறீர் எண்டு விளங்குது" என்றார். "ஆனால் நான் ஒண்டு சொல்லட்டே? ஒருத்தருக்கும் சொல்லேல்லை. அண்டைக்கு நான் பிறேக்கை அமத்தினனானோ எண்டு எனக்கு ஞாபகம் இல்லை. பலகைச் சத்தம் ஞாபகம் இருக்கு. சங்கிலி ஞாபகம் இருக்கு. கால் ஞாபகம் இல்லை."

என்னுடைய உண்மையை அவர் பகிடி என்றார். அவருடைய உண்மையைப் பகிடி என்று சொல்ல என்னால் முடியவில்லை. எண்ணெயோ, காலோ, கடலுக்குத்தான் தெரியும். அவர் அடுத்த மாரியில் கண்ணை மூடும்வரைக்கும், நான் இன்றுவரைக்கும், இரண்டு பேரும் எங்களை நாங்களே குற்றவாளி என்று வைத்துக்கொண்டோம்.

அப்போது எனக்கு வேறு ஒன்றும் தோன்றவில்லை. அவருடைய வலது காலை மெல்லத் தூக்கி, அதற்கடியில் என் உள்ளங்கையை வைத்தேன்.

"என்ன விசர் வேலை இது?" என்றார்.

"அமத்துங்கோ பாப்பம்."

"கை நோகும்."

"எண்ணை பூசின கைதானே. நோகட்டும். அமத்துங்கோ."

அவர் அழுத்தினார். முதலில் மெல்ல. பிறகு முழுக் காலாலும். என் விரல் எலும்பு சீமெந்தில் போய் அழுந்தியது.

"நிக்குதோ?" என்று கேட்டார்.

"ஓம்" என்றேன். "நாலு விரல் கிடக்கு."